சுறாவின் கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

தூண்டிலிலோ வலையிலோ உயிருடன் சிக்கிய சுறாவை முடிந்தவரை கடலிலேயே விட்டுவிடுமாறு கடற்றொழிலாளரைக் கேட்டுச் சென்ற இதழில் நான்கு வரிக் குறிப்பொன்றை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் நான் எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு. கோபித்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆகவே இந்த இதழில் வேறெந்தக் கேள்வியையும் எடுக்காமல், இப்பகுதி முழுவதையும் சுறாவுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்கிறது. அப்படியானால் சுறா குறையக் குறைய எங்கள் வலைக்கு வரும் மீன் கூடத்தானே வேண்டும்? என் தகப்பனார் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். சுறா வலையைக் கிழித்த நாட்களில் வீட்டில் அடுப்பெரியவில்லை. அதைப் போய் ஏன் காப்பாற்றச் சொல்கிறீர்கள்?
(முகத்துவாரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கிழிந்த வலையின் விலை என்ன என்பது எனக்கும் தெரியும், நானும் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவன்தான். உங்கள் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக முடியாது.

கடல் இரண்டே படிகள் கொண்டதாக, மேற்படியில் சுறாவும் கீழ்ப்படியில் நாம் பிடிக்கும் மீனும் மட்டும் இருந்தால், நீங்கள் சொல்வது அப்படியே சரியாகிவிடும். உண்மையில் இடையில் பல படிகள் இருக்கின்றன. பெரிய சுறாக்கள் திருக்கைகளையும் சிறிய சுறாக்களையும் ஆமைகளையும் நோயுற்றுத் தளர்ந்த பெரிய மீன்களையும் உண்கின்றன. அவற்றுள் பல, நாம் விரும்பும் மீனையும் நண்டையும் தின்பவை, அல்லது அந்த மீனும் நண்டும் வளரும் இடத்தை மேய்பவை. மேற்படியை அகற்றினால் கீழே இருப்பவை எல்லாம் ஒரேயளவில் பெருகுவதில்லை. சில பெருகும், சில அழியும், எது எதுவென்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

ஓர் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மேற்கு அவுஸ்திரேலியாவில் சுறா விரிகுடா என்றே பெயர் பெற்ற ஒரு பெரிய ஆழமற்ற கடற்பகுதி இருக்கிறது. அங்கே பல நூறு சதுர மைல்களுக்குக் கடற்புல் பரந்து கிடக்கிறது. அதை ஆயிரக்கணக்கான கடற்பசுக்கள், நம் மன்னார்ப் பக்கத்தவர் ஆவுளியா என்று சொல்பவை, மேய்கின்றன. கடற்பசு புல்லின் நுனியைக் கடித்துவிட்டுப் போகும் பிராணி அன்று. தலையை மணலுக்குள் புதைத்து, சேறு கிளம்ப, சத்து மிகுந்த கிழங்கையும் வேரையும் சேர்த்துத் தோண்டி எடுக்கும். அந்த நேரத்தில் அதற்கு அக்கம்பக்கம் தெரியாது. வரிப்புலியன் சுறா நிறையத் திரியும் மாதங்களில் அவை இப்படித் தோண்டி மேய்வதைக் குறைத்துக்கொள்கின்றன என்றும், புல் செழித்த நடுப்பகுதியை விட்டு, தீனி குறைந்தாலும் ஆழத்துக்குத் தப்பியோட வசதியான ஓரங்களுக்கு ஒதுங்குகின்றன என்றும் அங்கே பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் கண்டனர். அவ்வளவு காலமும் நடுப்பகுதிப் புல்லுக்கு ஓய்வு கிடைக்கிறது. சுறா அந்தப் பருவத்தில் ஒரு கடற்பசுவைக்கூடக் கொல்லாமல் இருந்திருக்கலாம். அது அங்கே இருக்கிறது என்ற அச்சமே புல்லைக் காவல் காக்கிறது. தோட்டத்தில் நாய் கட்டியிருந்தால் ஆடு வேலிக்குள் தலையை நீட்டத் தயங்குவதைப் போன்றதுதான் இது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அத்திலாந்திக்கில் பேர்முடாத் தீவைச் சுற்றிக் கடலாமைகளை நன்றாகப் பாதுகாத்தார்கள். அவை கடற்புல்லை அடிவரை மேய்ந்து, சில இடங்களில் வெறும் மணலாக்கிவிட்டன. ஆமையை அச்சுறுத்தும் பெரிய சுறாக்கள் அந்தக் கடலில் அருகிப்போனது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இனி நம் கடலுக்கு வாருங்கள். பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கும் கடற்புல் தரைகளில்தான் ஒராவும் இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. கொழும்பில் நாம் கிலோக் கணக்கில் விலை பேசி வாங்கும் மன்னார் நண்டுக்கு அந்தப் புல்தான் தொட்டில். அந்தத் தொட்டிலின் காவலைக் குறைத்துக்கொண்டு மீன் பெருகும் என்று எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுறா ஒழிந்தால் கடலே செத்துவிடும் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2007ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெரிய சுறாக்கள் குறைந்ததால் திருக்கைகள் பெருகி, அவை சிப்பிகளைத் தின்று சிப்பித் தொழிலையே முடித்துவிட்டன என்று ஓர் ஆய்வு வெளிவந்து உலகமெங்கும் பேசப்பட்டது. 2016ஆம் ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீண்டும் எடுத்துப் பார்த்து, அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று காட்டினார்கள். சுறாவின் பங்கு கடலுக்குக் கடல், இனத்துக்கு இனம் வேறுபடுகிறது என்பதே இன்றைய நிலை. என்னைப் பொறுத்தவரை அந்த நிச்சயமின்மைதான் எச்சரிக்கையாக நடக்க வலுவான காரணம்; எந்தத் தூண் எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்று தெரியாத வீட்டில் யாரும் தூணைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

கேள்வி: என் மகளுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள். சம்பந்தியம்மா பால்சுறா வாங்கி வறை செய்து கொடுக்கச் சொல்கிறார். தாதி வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: முதலில் தாயும் சேயும் நலமாக இருக்க என் வாழ்த்து, அம்மா.

சுறா வறை என்றவுடன் என் தாயாரின் அடுக்களைதான் கண்முன் வருகிறது. துண்டங்களை மஞ்சள் போட்டு அவித்து, மணல் ஒட்டியது போன்ற அந்தத் தோலை உரித்தெறிந்து, சதையை உதிர்த்து, இரு உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தண்ணீர் போகப் பிழிவார். சுறாவின் உடலில் யூரியா அதிகம். மீன் செத்ததும் அது அமோனியாவாக மாறத் தொடங்குவதால்தான் அந்த நெடி எழும்புகிறது. அவித்துப் பிழிவது அதைப் போக்கத்தான். பிறகு தேங்காய்ப்பூ, மிளகு, சீரகம், வெங்காயம், கறிவேப்பிலை. பிள்ளை பெற்றவளுக்கு அதைப் பரிமாறுவதில் இருந்த அக்கறையை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்த விடயத்தில் தாதி சொல்வதே சரி.

காரணம் பாதரசம். நிலக்கரி எரிப்பதிலிருந்தும் வேறு தொழில்களிலிருந்தும் வெளியேறும் பாதரசம் கடலில் சேர்கிறது; நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன; சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏற ஏற அது திரண்டுகொண்டே போகிறது. உச்சியில் இருப்பதும் நெடுங்காலம் வாழ்வதும் சுறா ஆகையால், அதன் சதையில் இது மிகுதியாகத் தங்குகிறது. அவித்தாலும் பிழிந்தாலும் பொரித்தாலும் போகாது. வளரும் மூளையையும் நரம்புகளையும் தாக்கக்கூடியது என்பதால், கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் தெளிவாகவே அறிவுறுத்துகிறது. பால்சுறா சிறிய இனம், ஆகையால் பெரிய சுறாவை விடப் பாதரசம் குறைவாகவே இருக்கும் என்று சம்பந்தியம்மா சொல்லலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தலையும் செட்டையும் வெட்டி, தோலுரித்துத் துண்டமாக்கி வைத்த பின், அது பால்சுறாவா, பெரிய சுறாவின் குட்டியா, வேறொன்றா என்று சந்தையில் நின்று சொல்லக்கூடியவர் மிகச் சிலர்.

பால் சுரப்பைப் பெருமளவில் தீர்மானிப்பது குழந்தை அடிக்கடி குடிப்பதுதான். தாயின் ஓய்வும் நிறைவான உணவும் அதற்குத் துணை. மீன் வேண்டுமென்றால் நெத்தலியும் சூடையும் இருக்கின்றன. இரண்டிலும் சத்து நிறைய, பாதரசம் மிகக் குறைவு. வறை வேண்டுமென்றால் முருங்கையிலை வறை இருக்கிறது. சரக்குத் தூளும் உள்ளியும் மிளகும் அப்படியே இருக்கட்டும். மீனை மட்டும் மாற்றுங்கள். சம்பந்தியம்மாவிடம் இதைச் சொல்லும்போது, அவர் கைப்பக்குவத்தில் செய்த சூடைக் குழம்பு வேண்டுமென்று மகள் கேட்பதாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நான் பேலியகொடையில் மொத்த வியாபாரம் செய்பவன். எந்தச் சுறாவை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். தெளிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: தெரிந்துகொண்டு தொழில் செய்ய நினைத்தீர்களே, அதற்கு நன்றி. இலங்கைச் சட்டத்தில் சவுக்குச் சுறாக்களின் மூன்று இனங்களையும் பிடிப்பது 2012ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. சிங்களத்தில் கச மோரா என்பார்கள். வாலின் மேற்கிளை உடலளவு நீண்டு, சுழற்றிய சவுக்கைப் போல வளைந்திருக்கும், வேறெந்தச் சுறாவோடும் மாறாது. 2015ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் திமிங்கிலச் சுறாவையும் பெருங்கடல் வெண்முனைச் சுறாவையும் தடைக்குள் கொண்டுவந்தன. வெண்முனைச் சுறாவின் முதுகுச் செட்டை அகன்று, நுனி வட்டமாக, சுண்ணாம்பு தெளித்ததைப் போலத் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும். இவை சிக்கினால் விட்டுவிட வேண்டும். வைத்திருப்பதும் கரைக்குக் கொண்டுவருவதும் விற்பதும் குற்றம். மேலும், செட்டையை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிவது நம் நாட்டில் 2001ஆம் ஆண்டிலிருந்தே சட்டவிரோதம்; செட்டை உடலோடு சேர்ந்திருக்கத்தான் கரைக்கு வர வேண்டும்.

ஏற்றுமதிக் கணக்கு வேறு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில், சுத்தியல் போன்ற தலையுடைய கொம்பன் சுறாக்கள் 2013ஆம் ஆண்டிலும், சவுக்குச் சுறாக்கள் 2016ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டன. சவுக்குச் சுறாவுக்கான முன்மொழிவை முன்னின்று கொண்டுபோன நாடு இலங்கை. நாம் பெருமைப்படத்தக்க செய்தி இது, ஆனால் நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. அடுத்த மாநாடு 2019ஆம் ஆண்டு கொழும்பிலேயே நடக்கவிருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் அது ஜெனீவாவுக்கு மாறியது. மாக்கோ சுறாவும், திருக்கை வகையைச் சேர்ந்த உழுவை இனங்களும் அங்கேதான் பட்டியலில் ஏறின. 2022ஆம் ஆண்டில் பனாமாவில் நடந்த மாநாடு, பால்சுறா அடங்கிய குடும்பத்தை முழுவதுமாகச் சேர்த்துக்கொண்டது. உள்ளூர்ச் சந்தையில் பால்சுறா விற்பதற்கு இதனால் தடையில்லை. அதன் செட்டையோ கருவாடோ நாட்டைவிட்டு வெளியேறுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஐயம் எழும்போது மீனைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கடற்றொழில் திணைக்களத்தையோ மட்டக்குளியிலுள்ள நாரா எனப்படும் நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தையோ கேளுங்கள்.

கேள்வி: பெரிய நாடுகளின் கப்பல்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. நம்முடைய பலநாட் கலம் ஒன்று, சிக்கிய சுறாவை விட்டுவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? செட்டை வெட்டுவதைத்தான் பல நாடுகளும் தடை செய்துவிட்டனவே, அது போதாதா?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: இதற்கு விடை சுறா பெற்றெடுக்கும் கணக்கில் இருக்கிறது.

நாம் கெலவல்லா என்று வாங்கும் சூரை இரண்டு மூன்று வயதில் முதிர்ந்து, ஒரே பருவத்தில் பல இலட்சம் முட்டைகளைக் கடலில் சிந்துகிறது. ஒரு பெண் சவுக்குச் சுறாவோ ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டே குட்டிகளை ஈனுகிறது. அதில் பெரிய கண்ணுடைய இனத்தின் பெண், தாயாவதற்கே பத்து வயதைக் கடக்க வேண்டும். மீன் என்று பெயர் பெற்றிருந்தாலும், பிள்ளைப்பேற்றைப் பொறுத்தவரை அது யானைக்கும் பசுவுக்கும் கிட்டியது. சூரையைப் பிடிக்க நூற்றுக்கணக்கான கொக்கிகளோடு இரவில் இறக்கும் அதே தூண்டிற் கயிற்றில் சுறாவும் மாட்டுகிறது. சூரை அந்த இழப்பை ஈடுகட்டிக்கொள்ளக்கூடும், சுறாவால் முடியாது. ஆகவே ஒரு முதிர்ந்த பெண் சுறாவை நீங்கள் விட்டுவிட்டால், அது ஒரு மீனை விட்டதற்குச் சமமாகாது; பத்து ஆண்டுக் காத்திருப்பையும் இனி வரப்போகும் ஈற்றுகளையும் சேர்த்து விட்டதாகும்.

பெருங்கடல்களில் திரியும் சுறாக்களும் திருக்கைகளும் 1970ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று கணித்தது. அதே ஆண்டின் மற்றொரு மதிப்பீட்டின்படி, சுறா, திருக்கை, அவற்றின் உறவினங்கள் ஆகியவற்றுள் மூன்றில் ஒன்றுக்கு மேல் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. 58 நாடுகளின் 371 பவளப் பாறைகளில் இரை கட்டிய கமராக்களை இறக்கிப் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பாறையில் ஒரு சுறாகூடப் படத்தில் வரவில்லை. நம் நாட்டிலும் 1990களின் இறுதியில் உச்சத்தைத் தொட்ட சுறா பிடிப்பு அதன் பின் பெரிதும் சரிந்தது. பேருவளையிலும் நீர்கொழும்பிலும் கரையேறும் மூத்த கடற்றொழிலாளரிடம் கேட்டால், எந்த அட்டவணையும் இல்லாமலே இதை உங்களுக்குச் சொல்வார்கள்.

செட்டைத் தடை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மீன்பிடியால் இறக்கும் சுறாக்கள் 2012ஆம் ஆண்டில் குறைந்தது 7.6 கோடி என்றும், உலகெங்கும் செட்டைச் சட்டங்கள் பெருகிய பின்னும் 2019ஆம் ஆண்டில் அது 8 கோடியைத் தொட்டது என்றும் 2024ஆம் ஆண்டு ஓர் ஆய்வு காட்டியது. உடலையும் கரைக்குக் கொண்டுவரச் சொன்னோம். இறைச்சிக்கும் ஒரு சந்தை திறந்துகொண்டது. கொடூரம் குறைந்தது, மரணம் குறையவில்லை. எங்கே எதை எவ்வளவு பிடிக்கலாம் என்ற வரம்பும், குட்டி ஈனும் ஆழமற்ற கரைப்பகுதிகளுக்குப் பாதுகாப்பும் சேர்ந்தால்தான் பலன் தெரியும். பெரிய நாடுகளின் கப்பல்களைப் பற்றிய உங்கள் ஆத்திரம் எனக்கும் உண்டு. ஆனால் சர்வதேச மாநாட்டில் நாம் அவர்களைக் கேள்வி கேட்க வேண்டுமென்றால், நம் துறைமுகத்தில் இறங்கும் மீனைப் பற்றி நாம் பதில் சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

கேள்வி: கல்கிசையில் பிள்ளைகளைக் கடலில் குளிக்க விடலாமா? சுறா வருமா?

பதில்: சுறாவுக்காகப் பயப்பட வேண்டாம். உலகம் முழுவதிலும் சுறா தானாகத் தாக்கி இறப்பவர்கள் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பத்துப் பேர்கூட இல்லை. திருகோணமலை புறாத்தீவில் இடுப்பளவு நீரில் வரும் கருமுனைச் சுறாக்களைப் பார்க்கவே மக்கள் போகிறார்கள். நாம் நெருங்கினால் அவைதாம் விலகும். கல்கிசையில் அஞ்ச வேண்டியது நீரோட்டத்தை. சிவப்புக் கொடி பறந்தால் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

கேள்வி: பரதவர் “சினைச் சுறவின் கோடு” நட்டு வழிபட்டதாகச் சங்கப் பாடலில் வருகிறது. சுறாவுக்கு ஏது கொம்பு?
(பம்பலப்பிட்டியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காகவே உங்களைத் தேடி வந்து வணங்க வேண்டும். அந்தக் கோடு வேளா மீனுடையது என்பதே பொருத்தமான விளக்கம். பார்வைக்குச் சுறாவைப் போலிருந்தாலும் வேளா திருக்கை வகையைச் சேர்ந்தது; முகத்திலிருந்து நீண்டு, இருபுறமும் பற்கள் பதித்த வாளைப் போன்ற கோடு அதற்கு உண்டு. அந்தக் கோட்டில் மின்னலைகளை உணரும் நுண்ணிய துளைகள் நிறைந்திருக்கின்றன. கலங்கிய நீரில் மணலுக்குள் கிடக்கும் இரையை அதைக்கொண்டு கண்டறிந்து, பக்கவாட்டில் வீசி அடித்துப் பிடிக்கும்.

நெய்தல் நிலத்தார் தெய்வம் உறைவதாக நம்பிய அந்தக் கோட்டுக்கு இன்று நேர்ந்திருப்பதைச் சொல்ல மனம் வரவில்லை. களப்புகளையும் ஆற்றுமுகங்களையும் ஒட்டி வாழும் வேளாவின் கோடு எந்த வலையிலும் எளிதில் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் விடுபடாது. இலங்கைக் கரையோரங்களில் கடற்றொழிலாளரைக் கேட்டு நடத்திய ஆய்வு ஒன்றில், மூத்தவர்கள் அதை நினைவுகூர்ந்தார்கள். இளையவர்களில் மிகப் பெரும்பாலோர் கண்டதேயில்லை. நம் கடலில் அது அற்றுப்போனதற்குச் சமம் என்றே அந்த ஆய்வு முடிவு செய்தது. உங்கள் மாணவர்களில் எவரேனும் கரையோர ஊர்களில் இருந்தால், வீட்டுப் பரணிலோ கோவிலிலோ பழைய வேளாக் கோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஊரில், ஏறத்தாழ எந்தக் காலத்தில் பிடிபட்டது என்ற ஒரு வரிகூட ஆய்வாளருக்குப் பெரும் உதவி.

கேள்வி: தெஹிவளைக் கடற்கரையில் தோல் போன்ற ஒரு சிறிய பழுப்புப் பை கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அது சுறா முட்டை என்று நண்பன் சொல்கிறான். சுறா குட்டிதானே போடும்?
(ஏழாம் வகுப்பு மாணவி)

பதில்: தங்கச்சி, நீங்கள் இருவர் சொல்வதும் சரி. பெரும்பாலான சுறாக்கள் குட்டி போடுகின்றன. சில இனங்கள் முட்டையிடுகின்றன. நம் கரையோரப் பாறைகளில் வாழும் மூங்கிற் சுறா முட்டையிடும் இனம். அதன் முட்டைக்குக் கோழி முட்டையைப் போன்ற ஓடு இல்லை. நகத்தைப் போல வளையும் ஒரு பைதான் ஓடு. குஞ்சு பல வாரங்கள் அதற்குள்ளேயே மஞ்சட்கருவை உண்டு வளர்ந்து, ஒரு முனையிலுள்ள பிளவு வழியாக நீந்தி வெளியேறும். நீ எடுத்த பையின் ஒரு முனை நேராகத் திறந்திருந்தால், குஞ்சு பத்திரமாகப் போய்விட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். நடுவில் ஓட்டையிருந்தால் ஏதோ பிராணி துளைத்துத் தின்றிருக்கக்கூடும்.

காய்ந்த வெறும் பையை வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டு. அடுத்த முறை ஈரமாக, கனமாக ஒன்று கிடைத்தால், சூரியனை நோக்கிப் பிடித்துப் பார். உள்ளே மஞ்சட்கருவோடு ஒட்டிய சிறு நூல் போன்ற ஒன்று அசைந்தால் அது உயிரோடிருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போகாமல், அப்பாவையோ அண்ணாவையோ கூட்டிக்கொண்டு, அலை உடனே திருப்பி எறியாதபடி பாறையிடுக்கின் நீரில் அதை வைத்துவிடு. திகதியையும் இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வை. படம் வரைந்து எனக்கு அனுப்பினால் இந்தப் பகுதியில் போடுகிறேன்.